பதினாறு வருட வைத்தியச்சி

பதினாறு வருடமாக நான் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண். இடுப்பில் நீல ரிப்பன், கையில் மணி கட்டிய கோல், நடந்தால் பின்னால் பூ உதிரும். நிஜத்தில் என் பெயர் பொங்சு. வயது நாற்பத்து மூன்று, எடை தொண்ணூற்றிரண்டு கிலோ, புப்யொங் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரக் குடியிருப்பு வரை போகும் மினி பஸ்ஸின் டிரைவர். பூ உதிர்வதாக எந்தப் பயணியும் இதுவரை புகார் கொடுத்ததில்லை.

கவுனில் எனக்குக் கோபமில்லை. நாங்கள் ஆடிய ஆன்லைன் விளையாட்டில் வைத்தியச்சி என்ற வேஷத்துக்குப் பெண் உருவம் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். உள்ளதைச் சொன்னால் ரிப்பன் எனக்குப் பொருத்தமாகவே இருந்தது. என் கோபமெல்லாம் ஒன்றே ஒன்று: அந்த வேஷத்தை நான் எடுக்கவில்லை. என் தலையில் கட்டினார்கள்.

கட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கும் கேம் சென்டரில், ஜன்னலோர வரிசையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாங்கள் நாலு பேர் ஒரே குழுவாகச் சேர்ந்தோம். சேர்ந்தவுடன் எங்கள் ஊரில் யாரும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டுக்கொண்டோம். பெயர் அல்ல, எந்த வருஷம் பிறந்தாய் என்பதுதான். அது தெரியாமல் எப்படிப் பேசுவது? யாருக்கு 'நீங்க', யாருக்கு 'டா' என்று தெரிய வேண்டாமா?

டயர் கடை தேசிக் அண்ணன்தான் மூத்தவர், எழுபத்தாறில் பிறந்தவர். கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் விற்கும் கடைக்கார மியோங்சூக் அக்கா எழுபத்தொன்பது. நான் எண்பத்திரண்டு என்றேன். கடைசியாகச் சாங்குன் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, "நான் எண்பத்தொண்ணு. நீ தம்பிடா, கடைக்குட்டி" என்றார்.

தீர்ந்தது. வேஷங்களும் வயது வரிசையில் பிரிந்தன. தேசிக் அண்ணன் கேடயக்காரன். மியோங்சூக் அக்கா வில்லாளி. சாங்குன் அண்ணன் கோடரி வீரன். மிச்சமிருந்தது கவுன்.

சாங்குனை இங்கே 'அண்ணன்', 'அவர்' என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மரியாதையை உரிய இடம் வரும்வரை விட்டுவைக்கிறேன். அதற்கு மேல் ஒரு வரி கூடக் கிடையாது.

வைத்தியச்சியின் பிழைப்பை ஆடிப் பார்த்தால்தான் தெரியும். சண்டையில் ஜெயித்தால் கோடரி ஜெயித்தது. தோற்றால் ஹீல் வரவில்லை, அதாவது வைத்தியச்சி காயத்தை ஆற்றவில்லை. சாங்குன் அண்ணன் யாரையும் கேட்காமல் பதினைந்து ஓநாய்களுக்கு நடுவில் குதிப்பார், செத்துப்போவார், கீபோர்டைத் தட்டுவார். "ஹீல் என்னாச்சுடா? தூங்குறியா?" இரண்டாவது கேள்வியை என் மனைவியைவிட அதிகம் கேட்டவர் அவர். திரையில் மட்டுமா? கடைக்குட்டி என்றால் நாலு பேருக்கும் தண்ணீர் பிடித்து வருவது நான். மியோங்சூக் அக்காவுக்கு வெந்நீர், தேசிக் அண்ணனுக்குச் சாதா, சாங்குன் அண்ணனுக்கு ஐஸ் மூன்று கட்டி. இரண்டு கட்டி போட்டால் முகம் சுருங்கும். ஐஸ் இல்லாமல் அந்த மனிதருக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. கரண்டி எடுத்து வைப்பது, ராம்யோன் நூடுல்ஸில் முட்டையை உடைத்துப் போடுவது, சோஜு சாராயம் குடிக்கப் போனால் இரண்டு கையாலும் ஊற்றுவது, என் கோப்பையைக் குடிக்கும்போது பெரியவர்கள் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. பதினாறு வருடம் திருப்பித் திருப்பி என் கழுத்து இடது பக்கம் லேசாகக் கோணி நிற்கிறது. பஸ்ஸில் வலது பக்கக் கண்ணாடி பார்க்கச் சிரமம்.

இரண்டு வருடம் முன்பு அரசாங்கம், பிறந்தவுடனே ஒரு வயது என்று எண்ணுகிற பழைய கணக்கை மாற்றி நாட்டில் எல்லாருக்கும் ஒரு வயது குறைத்தது. எல்லாரும் இளமையானார்கள். நான் அப்போதும் கடைக்குட்டிதான்.

இந்த வசந்தத்தில் எங்கள் பழைய விளையாட்டை மூடிவிட்டார்கள். என் வைத்தியச்சி கடைசி நாளில் ஒரு குளக்கரையில் நின்று, பூ உதிர்த்து, மறைந்துபோனாள். நான் அழவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு 'இரும்புத் திங்கள்' என்று புது விளையாட்டு வருகிறது என்ற செய்தி வந்தது. பெரியவர்களுக்கு மட்டுமான விளையாட்டு. திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, பெயரும் வேஷமும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரே உருவம். எடுத்தால் எடுத்ததுதான், மாற்ற முடியாது.

மாற்ற முடியாது என்பதை இரண்டு தடவை படித்தேன். இன்னொரு பதினாறு வருடம் என்றால் எனக்கு ஐம்பத்தொன்பது. ஐம்பத்தொன்பது வயதில் ரிப்பனா?

இந்தத் தடவை கோடரி என்று முடிவு செய்தேன். பெயர்கூட வைத்துவிட்டேன்: நொறுக்கி. சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். "அண்ணே, இந்த தடவை கோடரி நான் எடுத்துக்கிறேன்." மூன்றாவது நாள் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் சீட்டில் இருந்த அம்மா அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினார்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கே நாலு பேரும் ஜன்னலோர வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். தேசிக் அண்ணன் கொழுக்கட்டை மாதிரி ஆவி பறக்கும் மந்துவை ஊதிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணே, இந்த தடவை கோடரி நான் எடுத்துக்கிறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நாய்க்குட்டி தும்மினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அதுதான் எனக்கு எரிந்தது.

"நீ கோடரி எடுத்தா யாருடா ஹீல் போடுறது? உன் பஸ்ஸா?" என்றார் சாங்குன் அண்ணன்.

"நீங்க போடுங்களேன்."

"நானா? இந்த மூஞ்சிக்குக் கவுனா?"

"என் மூஞ்சிக்கு மட்டும் என்ன, தைச்சு வெச்சிருக்கா?"

மியோங்சூக் அக்கா என் தொடையில் தட்டினார். "பொங்சு, நீ போடுற மாதிரி யாருக்கும் வராதுப்பா. நீ பொறந்ததே அதுக்குத்தான்."

"அக்கா, நான் பொறந்தது எங்கம்மாவுக்கு. ஹீல் போடுறதுக்கு இல்ல."

தேசிக் அண்ணன் மந்துவை விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "டேய், நம்மகிட்ட ஒரே ஒரு சட்டம்தான் இருக்கு. வயசு வரிசை. பெரியவன் முதல்ல எடுப்பான். அதை உடைச்சோம்னா நாளைக்கு எல்லாரும் எல்லாத்தையும் கேப்பாங்க. கோடரி சாங்குனுக்கு. நீ கடைக்குட்டி. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணே" என்றேன்.

ஒரு வாரம் ஒத்திகை பார்த்த ஆள் ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனேன். அத்தோடு விட்டேனா? எழுந்து போய் நாலு பேருக்கும் தண்ணீர் பிடித்து வந்தேன். ஐஸ் மூன்று கட்டி. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலாவதாக ஒரு கட்டி கையிலேயே உருகியது.

பதினொன்றரை மணி. புது விளையாட்டில் நுழைய ஆள் பெரியவர்தானா என்று சரிபார்க்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, போனுக்கு வருகிற எண் எல்லாம் கேட்கும். பழைய விளையாட்டில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. சாங்குன் அண்ணன் கண்ணை இடுக்கித் திரையைப் பார்த்தார்.

"ஐயோ, பொடி எழுத்து. கண்ணாடி வீட்டுல இருக்கு. கடைக்குட்டி, இதைக் கொஞ்சம் அடிச்சு வைடா. பர்ஸுல அடையாள அட்டை இருக்கு. நான் ஒரு தம் போட்டுட்டு வந்துர்றேன்."

போனையும் பர்ஸையும் என் கீபோர்டு மேல் போட்டுவிட்டுப் போனார். இந்த மாதிரி வேலைகளையும் காலகாலமாக நான்தான் செய்கிறேன். தேசிக் அண்ணனின் வரி விண்ணப்பத்தைக்கூட நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். அட்டையை எடுத்தேன். பெயரை அடித்தேன். அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. பார்த்து அடித்தேன்.

எட்டு, இரண்டு, ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்பது.

அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். போனுக்கு வந்த எண்ணையும் போட்டேன். 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. அதன் பிறகுதான் மண்டைக்குள் பஸ் பிரேக் போட்டது.

எண்பத்திரண்டு. நவம்பர் ஒன்பது.

நான் எண்பத்திரண்டு. மார்ச் நாலு.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல் நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். எண் உதிரவில்லை.

எட்டு மாதம் ஐந்து நாள் எனக்கு இளையவன்.

மரியாதை இந்த இடத்தில் முடிகிறது.

பதினாறு வருடம்! நான் தவழப் பழகிய பிறகு பிறந்த பயலுக்கு முன்னால் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் குடித்தேன்! போன நவம்பரில் அவன் பிறந்த நாளுக்குக் கேக் வாங்கியது யார்? நான். கேக்குக்கு மட்டும் பழைய கணக்கு என்று நாலு பெரிய மெழுகுவர்த்தி, நாலு சின்ன மெழுகுவர்த்தி எண்ணிச் சொருகியது யார்? நான். அதில் ஒரு சின்ன மெழுகுவர்த்தி பொய்! அந்தப் பொய்யையும் நானே பற்றவைத்து, கைதட்டிப் பாட்டும் பாடியிருக்கிறேன்.

புகை நாற்றத்தோடு அவன் திரும்பி வந்தான். நாற்காலியை இழுத்தான். "முடிஞ்சுதா, கடைக்குட்டி?"

"டேய் சாங்குன்" என்றேன்.

நாங்கள் ஆடும் வரிசை மட்டுமல்ல, அடுத்த வரிசையும் நின்றது. தேசிக் அண்ணனின் மந்து பாதி வாய்க்குள், பாதி வெளியே. எங்கள் ஊரில் ஒருவனை அறையலாம், மறுநாள் சமாதானம் ஆகலாம். அண்ணனை 'டேய்' என்று கூப்பிட்டால் மறுநாள் என்று ஒன்று கிடையாது.

"என்னடா சொன்னே?" என்றான்.

"எந்த வருஷம் பொறந்தே?"

"என்னடா கேள்வி இது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. எந்த வருஷம்?"

"எண்பத்தொண்ணு."

அட்டையைத் தேசிக் அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் கையை நீட்டி, எட்டத்தில் பிடித்துப் படித்தார். மியோங்சூக் அக்கா எட்டிப் பார்த்தார். சாங்குனின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

"அது... அது வந்து, எங்கப்பா லேட்டா பதிஞ்சாரு" என்றான். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே. பொறந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் போய்ப் பதிவாங்க."

"எந்தக் காலத்துலடா? எண்பத்திரண்டுல! நீ என்ன போருக்கு நடுவுல மாட்டு வண்டியிலயா பொறந்தே? உங்க வீட்டுலேருந்து பதிவு ஆபீஸ் நாலு ஸ்டாப். என் பஸ்ல பதினோரு நிமிஷம்!"

"கத்தாதடா."

"கத்துவேன்! பதினாறு வருஷம் நீ கத்துனே, நான் கேட்டேன். இன்னைக்கு நான் கத்துறேன், நீ கேளு!"

மியோங்சூக் அக்கா கையை உயர்த்தினார். கிம்பாப் கடையில் காலை நேரக் கூட்டத்தை ஒற்றைக் கையால் அடக்குகிறவர் அவர். குரலை உயர்த்தாமல், விலை சொல்கிற மாதிரி படக்கென்று கேட்டார்.

"சாங்குன், நீ எந்த மிருக வருஷம்?"

"நாய்" என்றான்.

சொன்ன பிறகு வாயைப் பொத்தினான். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு மிருகம்; எண்பத்தொன்று சேவல் வருடம். எண்பத்திரண்டுதான் நாய். பொய்யன் எண்ணை மாற்றி மனப்பாடம் செய்திருந்தான். மிருகத்தை மாற்ற மறந்துவிட்டான். அம்மா மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த மிருகம், யோசிக்க நேரம் கொடுக்காமல் கேட்டால் அதுதான் வாயில் வரும்.

"நானும் நாய்தான்" என்றேன். "மார்ச் மாச நாய். உனக்கு எட்டு மாசம் மூத்த நாய்!" கோபத்தில் இதை நெஞ்சில் தட்டி வேறு சொன்னேன். அடுத்த வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஒரே வருஷம்னா நாம சமவயசுடா" என்றான், குரல் இறங்கி. "சமவயசுன்னா சிநேகிதங்க. யாரும் யாருக்கும் அண்ணன் தம்பி இல்ல."

"ஓகோ. இப்ப சிநேகிதமா? ஐஸ் மூணு கட்டி கேட்கும்போது எங்கடா போச்சு சிநேகிதம்?"

"மணி பதினொண்ணு அம்பது" என்றார் தேசிக் அண்ணன். அவருடைய கவலை அவருக்கு. "ஏன்டா சொன்னே? சாங்குன், உன்னைத்தான் கேக்குறேன். ஏன்?"

அவன் கீபோர்டில் ஒரே எழுத்தை அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினான்.

"நாம சேர்ந்த அந்த வாரம்தான் உதிரி பாகக் கம்பெனியில என்னை நிறுத்துனாங்க. ஆள் குறைப்பு. கடைசியா சேர்ந்தவன் முதல்ல வெளியேன்னாங்க. வீட்டுலயும் நாலு பேருல நான் கடைசி. ராணுவத்துலயும் எனக்கப்புறம் ஆறு மாசம் ஒருத்தனும் வரல. எங்க போனாலும் நான்தான் கடைசி. இங்க வந்து உக்காந்தேன். இவன் எண்பத்திரண்டுன்னான். என் வாயில எண்பத்தொண்ணுன்னு வந்துருச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"மறுநாள் சொல்லிடலாம்னு நெனச்சேன். மறுநாள் நீ அண்ணேன்னு கூப்பிட்டுத் தண்ணி கொண்டுவந்து வெச்சே."

சத்தியமாக, அந்த நேரத்தில் அவன் அடித்துச் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இன்னொன்றும் கூடவே வந்து தொலைத்தது. மூன்று வருடம் முன்பு என் அப்பா இறந்தபோது, ஆஸ்பத்திரியில் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கான கூடத்தில் மூன்று நாளும் இவன் என் பக்கத்திலேயே நின்றான். வந்தவர்களின் செருப்பை அடுக்கினான். மாட்டுச் சூப் பரிமாறினான். பெட்டி தூக்க ஆள் குறைந்தபோது முன்னால் வந்து தோள் கொடுத்தான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது முதுகில் கை வைத்து, "அண்ணன் நான் இருக்கேன்டா" என்றான். எட்டு மாதம் சின்னப் பயல்! அதை நினைத்ததும் கோபம் குறையும் என்று நினைத்தேன். இரண்டு மடங்கானது. ஒருவனை முழுதாகத் திட்டக்கூட விடாமல் இப்படி நல்லது செய்து வைத்திருந்தால் மனிதன் என்ன செய்வான்?

"வயசு வரிசைண்ணே" என்றேன் தேசிக் அண்ணனிடம். "நம்மகிட்ட ஒரே ஒரு சட்டம்தான் இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம்கூட ஆகல."

தேசிக் அண்ணன் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மந்துவை எடுத்தார், வைத்தார்.

"வயசு வரிசைன்னா வயசு வரிசைதான். கோடரி பொங்சுவுக்கு. சாங்குன், நீ வைத்தியச்சி."

"அண்ணே!"

"பேசாத. பதினொண்ணு அம்பத்தஞ்சு."

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். ஜாக்கெட்டில் ஒரு கையை நுழைக்கவும் செய்தான். பிறகு அந்தக் கையை வெளியே எடுத்தான், உட்கார்ந்தான், மூக்கைத் திரையில் இடிக்கிற தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பொடி எழுத்தைத் தேடினான்.

பன்னிரண்டு. நாடு முழுக்க லட்சம் பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினார்கள். கோடரி வீரனைத் தொட்டேன். மலை மாதிரி ஆள், தாடி, தோளில் கரடித்தோல். 'நொறுக்கி' என்று அடித்தேன். இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது. பன்னிரண்டு மணி மூன்று நொடி! எவனோ ஒரு நொறுக்கி! 'பெருநொறுக்கி', போய்விட்டது. 'மாநொறுக்கி', போய்விட்டது. உலகத்தில் எனக்கு முன்னால் எல்லாரும் பிறந்துவிட்டார்கள். ஆத்திரத்தில் கை தானாக அடித்தது: நொறுக்கி820304. எடுத்துக்கொண்டது. மாற்ற முடியாது.

அப்படியாக, என் வீரனின் தலைக்கு மேல் இன்றைக்கும் என் பிறந்த தேதி தொங்குகிறது. சந்தேகம் இருக்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

அடுத்த சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விளையாட்டு திறந்தது. முதல் குகையில் ஒரு காட்டுப்பன்றி. நாலு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிட வேலை என்றார்கள். மூன்று தடவை செத்தோம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். நான் மோசமான கோடரி. பாய வேண்டிய நேரத்தில் என் கண் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அங்கேதான் நாலு பேருக்கும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடுகள் இருக்கும். தேசிக் அண்ணனின் கோடு பாதியானால் என் விரல், இல்லாத ஹீலைத் தேடி மூன்றாம் எண்ணை அழுத்துகிறது. கோடரியில் மூன்றாம் எண் என்றால் வெறும் கர்ஜனை. பன்றி என்னைக் குத்தக் குத்த நான் கர்ஜித்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அவன் என்னைவிட மோசம். இந்த வைத்தியச்சியின் கவுன் இளஞ்சிவப்பு. அந்தக் கவுனோடு பன்றிமேல் பாய்ந்து கோலால் அடித்தான். பழக்க தோஷம். ஹீலைச் செத்துப்போனவர்களுக்குப் போட்டான். ஒரு தடவை பன்றிக்கே போட்டான்.

நாலாவது தடவை நான் செத்து விழுந்ததும் கீபோர்டில் ஓங்கி ஒரு தட்டு. "ஹீல் என்னாச்சுடா? தூங்குறியா?"

அது என் வாய். அந்த வார்த்தைகள் எதுவும் என்னுடையவை அல்ல, ஆனால் வாய் என்னுடையது. மியோங்சூக் அக்கா வெந்நீர்க் கோப்பைக்குள் பார்த்தார். பழி வாங்கினால் இனிக்கும் என்பார்கள். எனக்கு நாக்கில் ராம்யோன் பொடியைக் கொட்டின மாதிரி இருந்தது.

சாங்குன் திரும்பச் சண்டைக்கு வரவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இந்த வாரம் மறக்காமல் கொண்டுவந்திருந்தான்.

"நாலு பேருக்கும் ஒரே நேரத்துல குறையுது" என்றான். "நான் யாருக்குத்தான் முதல்ல போடுறது?"

"உனக்குத்தான்டா!" என்று கத்தினேன். "முதல்ல உனக்கு! நீ செத்தா அப்புறம் யார் இருந்தும் என்ன? மிச்சம் இருந்தா அண்ணனுக்கு. அக்கா தூரமா நிக்கிறாங்க, அவங்களுக்கு அவசரமில்ல. கோடரிக்குக் கடைசியா. அவன் எப்படியும் சொல்பேச்சு கேக்காம பாய்வான், சாவான், உன்னைத் திட்டுவான். பதினாறு வருஷம்டா! பதினாறு வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், யாருக்கு முதல்ல போடுறேன்னு என்கிட்ட கேட்டிருப்பீங்களா?"

தேசிக் அண்ணன் தன் கேடயத்தின் கைப்பிடியை ஆராய்கிறவர் மாதிரி மவுஸைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல" என்றான் சாங்குன். "கேக்கல."

ஐந்தாவது தடவை போனோம். அவன் தனக்கு முதலில் போட்டுக்கொண்டான். பிறகு தேசிக் அண்ணனுக்கு. நான் பாயாமல் ஓரமாக நின்றேன், பன்றி எப்போது வைத்தியச்சி பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? பாதி உயிர் போனதும் திரும்பும். இதுவும் திரும்பியது. இளஞ்சிவப்புக் கவுனின் முதுகைப் பார்த்துக் தலையைத் தாழ்த்தி ஓடியது.

"அண்ணே, பின்னாடி!" என்று அலறினேன்.

அவன் விலகினான். என் கோடரி இறங்கியது. பன்றி சரிந்தது. நொறுக்கி820304 அதன்மேல் ஏறி நின்று கர்ஜித்தான். இந்தத் தடவை மூன்றாம் எண் சரியான இடத்தில் விழுந்தது.

பக்கத்தில் யாரும் கைதட்டவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மியோங்சூக் அக்காவின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறார்.

"என்ன சொன்னே?" என்றான் சாங்குன்.

"ஒண்ணும் சொல்லல."

"அண்ணேன்னு..."

"தேசிக் அண்ணனைச் சொன்னேன்!"

"என் பின்னாடி சுவர்தான்டா இருந்துச்சு" என்றார் தேசிக் அண்ணன்.

இந்த நாக்கை என்ன செய்வது? பதினாறு வருடம் ஒரே தடத்தில் ஓடிய பஸ். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பழைய ஸ்டாப்பில்தான் போய் நிற்கிறது. அவன்மேல் கோபம், என்மேல் கோபம், அந்தப் பன்றிமேலும் கோபம். தண்ணீர் குடித்தால் தேவலை என்று நாற்காலியைத் தள்ளி எழுந்தேன். அதே நேரத்தில் அவனும் எழுந்தான். இப்போது அவன்தானே கடைக்குட்டி.

"நான் கொண்டு வரேன்" என்றான். "நீ... நீங்க உக்காருங்க."

"நீங்களா? எனக்கு நீங்க நாங்கல்லாம் வேணாம். உக்காருடா. நான் கோபத்துல இருக்கேன், கொஞ்சம் நடக்கணும். நானே போறேன்."

மூலையில் இருந்த ஐஸ் இயந்திரத்தின் முன்னால் நின்றேன். கோபத்தோடுதான் நின்றேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நாலு கோப்பை எடுத்தேன். மியோங்சூக் அக்காவுக்கு வெந்நீர். தேசிக் அண்ணனுக்குச் சாதா. எனக்கு ஐஸ் மூன்று கட்டி.

அவனுக்கு ஐஸ் போடவில்லை.